தொட்டிக் கேக்டஸும் நம்ம ஊர் வெப்பமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாம்பரம் பக்கம் ஒரு மொட்டைமாடியில் பதினோரு வருடமாகக் கேக்டஸ் வளர்க்கிறேன். செடி வாங்கிப் போனவர்கள், பதியன் கேட்டு வந்தவர்கள், அலுவலகத் தோழிகள் என்று பலரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அதிலும் பாதிக்கு மேல் சூடு, குளிர் பற்றியவை. அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன.

கேக்டஸுக்கு எத்தனை டிகிரி இருக்கணும்? ஒரே ஒரு நம்பர் சொல்லுங்க அக்கா.

ஒரு நம்பர் போதாது, இரண்டு வேண்டும். கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான கேக்டஸ், பகலில் 20 முதல் 32 டிகிரி செல்சியஸும் இரவில் 15 முதல் 22 டிகிரியும் இருக்கும்போது நன்றாக வளரும். 38, 40 டிகிரியைத் தாண்டினால் சாகாது, ஆனால் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். குளிர் பக்கத்தில், மண் நன்றாகக் காய்ந்திருந்தால் பல வகைகள் 5 டிகிரி வரை தாங்கும். மண் ஈரமாக இருந்தால் 10 டிகிரியே ஆபத்து.

இதில் இரவு நம்பரைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சென்னை, வேலூர், திருச்சி, மதுரை மாதிரி ஊர்களில் செடியைச் சோர வைப்பது பெரும்பாலும் அதுதான். அதைத் தனியாகக் கீழே சொல்கிறேன்.

பாலைவனச் செடிதானே, நல்ல வெயிலில் வைத்தால் என்ன ஆகிவிடும்?

என் முதல் வருடத்தில் நான் நினைத்ததும் இதுதான். நர்சரியில் நிழல்வலைக்குக் கீழே இருந்த கோல்டன் பேரல் கேக்டஸ் ஒன்றை ஏப்ரல் மாதம் வாங்கி வந்து, அன்றைக்கே மாடியில் முழு வெயிலில் வைத்தேன். நாலாம் நாள் மேற்குப் பக்கம் முழுக்க வெளுத்துப்போனது. செடி பிழைத்தது, ஆனால் அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது.

பாலைவனத்தில் நடப்பது நாம் நினைப்பது மாதிரி இல்லை. அமெரிக்காவின் சொனோரன் பாலைவனத்தில் வளரும் சகுவாரோ நாற்பது அடி உயரம் போகக்கூடிய செடி. அது குட்டியாக இருக்கும்போது பெரும்பாலும் பாலோ வெர்டே மாதிரி ஒரு மரத்தடியில்தான் பிழைக்கிறது. வெயில், பனி இரண்டிலிருந்தும் மரம் அதைக் காக்கிறது. அங்கே பகல் எவ்வளவு கொதித்தாலும் இரவில் வெப்பம் நன்றாக இறங்கிவிடும், 15 டிகிரிக்கு மேல் வித்தியாசம் சாதாரணம். இன்னொன்று, அங்கே வேர் தரைக்குள் இருக்கிறது. நம் செடியின் வேரோ அரை அடித் தொட்டிக்குள் இருக்கிறது. வெயில் தொட்டியின் பக்கவாட்டில் அடித்தால் நேரே வேரைத்தான் சுடும்.

எங்க ஊர் வேலியில் கள்ளி வருஷம் முழுக்க வெயிலிலேயே நிற்குதே, அதற்கு யார் நிழல் கொடுத்தார்கள்?

வேலியில் நிற்கும் சதுரக்கள்ளி, கொம்புக்கள்ளி எல்லாம் கேக்டஸே இல்லை. அவை யூஃபோர்பியா என்ற வேறு குடும்பம். நம் சங்கப் பாடல்களில் வரும் கள்ளியும் இந்த வகைதான், ஏனென்றால் கேக்டஸ் இனத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். அடையாளம் சுலபம். கேக்டஸின் முட்கள் பஞ்சு மாதிரி ஒரு சின்ன மெத்தையிலிருந்து கிளம்பும், யூஃபோர்பியாவில் அந்த மெத்தை இருக்காது. கீறினால் யூஃபோர்பியாவில் பால் வடியும். மாமில்லேரியா என்ற கேக்டஸ் இனத்தின் சில வகைகளிலும் பால் வரும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

சப்பாத்திக்கள்ளி நிஜமான கேக்டஸ்தான், ஆனால் வெளியிலிருந்து வந்தது. நம் வெப்பம் அதற்கு எவ்வளவு பிடித்துப்போனது என்றால், வயல்களிலும் மேய்ச்சல் நிலங்களிலும் பரவி, அதை அழிக்க 1926இல் இலங்கையிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டுவந்து விட வேண்டியிருந்தது. சப்பாத்திக்கள்ளி தாங்குகிறது என்பதற்காக உங்கள் ஜன்னலோர மாமில்லேரியாவும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதோடு வேலிச் செடிக்கு வேர் தரையில் இருக்கிறது. முந்தைய பதிலில் சொன்ன வித்தியாசம் இங்கேயும் உண்டு.

தெர்மாமீட்டர் எல்லாம் வாங்கணுமா?

வாங்கினால் நல்லது. அன்றைய அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் காட்டும் வகையாகப் பாருங்கள், அதை நிழலில் மாட்டுங்கள். செய்தியில் சொல்லும் வெப்பம் வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் அளந்தது. உங்கள் சிமென்ட் மாடியின் நிலவரம் அதைவிட மோசமாகத்தான் இருக்கும்.

இல்லாவிட்டால் கை போதும். மதியம் இரண்டு மணிக்குத் தொட்டியின் வெயில் படும் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஐந்து விநாடி வைத்திருக்க முடியவில்லையா? அந்த இடத்தில் வேர் வெந்துகொண்டிருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு, செடிக்குப் பின்னால் இருக்கும் சுவரைத் தொடுங்கள். அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தால் செடியின் இடத்தை மாற்ற வேண்டும்.

அக்னி நட்சத்திரத்தில் மாடியிலேயே விடலாமா, கீழே கொண்டுவந்துவிடவா?

விடலாம், ஆனால் ஏற்பாடு வேண்டும். மே 4 முதல் 28 வரையிலான அந்த நாட்களுக்கு மட்டும் என்றில்லை, மார்ச் கடைசியிலேயே தொடங்கிவிடுங்கள். சென்னையில் 2003 மே 31 அன்று, அக்னி நட்சத்திரம் முடிந்த பிறகு, 45 டிகிரி பதிவானது. நாட்காட்டியைப் பார்த்து நிழல்வலையை அவிழ்த்துவிட வேண்டாம். ஜூன் நடுவில் மாலை மழை வரத் தொடங்கும்வரை இருக்கட்டும்.

முதல் வேலை நிழல். 50 சதவீத நிழல்வலை பெரும்பாலான வகைகளுக்குப் போதும். செடிக்கு மேலே குறைந்தது மூன்று நான்கு அடி இடைவெளி விட்டுக் கட்டுங்கள், பக்கங்களைத் திறந்தே விடுங்கள். வலையைச் செடிமேல் போர்த்தினால் காற்று நின்று சூடு சேரும். மழைக்காகப் போட்ட பிளாஸ்டிக் கூரை இருந்தால் அதன் பக்கத் தடுப்புகளைக் கோடையில் கழற்றிவிட வேண்டும். மூடிய பிளாஸ்டிக் கொட்டகையை நம்ம ஊர் மே மாதத்தில் அடுப்பென்றே சொல்லலாம்.

இரண்டாவது தொட்டி. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி வெயிலை அப்படியே உறிஞ்சும். மண்தொட்டி சுவர் வழியாக ஈரம் கசிந்து ஆவியாவதால் கொஞ்சம் குளிர்ந்து இருக்கும். கறுப்புத் தொட்டியை மாற்ற முடியாவிட்டால் அதைத் தூக்கி ஒரு பெரிய மண்தொட்டிக்குள் வையுங்கள். நடுவில் இருக்கும் இடைவெளியே பாதிச் சூட்டைத் தடுத்துவிடும். தொட்டியின் வெளிப்பக்கம் சுண்ணாம்பு அடிப்பது பழைய வழி, நன்றாகவே வேலை செய்கிறது. மண்ணுக்கு மேல் அழகுக்குப் போடும் கறுப்புக் கூழாங்கல்லை எடுத்துவிட்டு வெளிர்நிறச் சரளை போடுங்கள்.

மூன்றாவது தரை. சிமென்ட் தளத்தில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் அடுக்கி, மேலே ஒரு பலகை போட்டு வையுங்கள். தொட்டிகளை நெருக்கி வைத்தால் ஒன்றின் நிழல் இன்னொன்றின்மேல் விழும். ஓரத்தில் இருப்பவைதான் அடி வாங்கும். அங்கே பெரிய, முற்றின செடிகளை நிறுத்துங்கள்.

வெயில் இவ்வளவு அடிக்குது, தினமும் தண்ணீர் ஊற்றினால் செடி குளிர்ச்சியாக இருக்காதா?

வேண்டவே வேண்டாம். கோடையில் அழுகிச் செத்த செடிகளை என்னிடம் கொண்டுவந்து காட்டுபவர்களில் பலரும் இந்த அன்பினால்தான் கெடுத்திருக்கிறார்கள். கடும் சூட்டில் கேக்டஸ் தூங்குகிறது, வேர் அதிகம் உறிஞ்சாது. ஈரமான சூடான மண்ணில் பூஞ்சைதான் வளரும்.

மண் முழுக்கக் காய்ந்த பிறகு, நான்கைந்து நாள் விட்டு, பொழுது சாய்ந்து தொட்டி ஆறியதும் ஊற்றுங்கள். மதியம் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரும், வெயிலில் கிடந்த ஹோஸ் குழாயிலிருந்து முதலில் வரும் தண்ணீரும் கையைச் சுடும். அதை அப்படியே வேரில் விடாதீர்கள். நான் காலையிலேயே இரண்டு குடம் பிடித்து நிழலில் வைத்து, மாலையில் ஊற்றுகிறேன்.

ஏப்ரல் வரை நல்லா இருந்துச்சு. மே மாசம் நிழலில் வைத்தும் வளர்ச்சியே இல்லை, சுருங்குது. ஏன்?

இங்கேதான் இரவு நம்பர் வருகிறது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும். கேக்டஸ் பகலில் துளைகளை மூடிக்கொள்ளும், தண்ணீர் போய்விடக்கூடாதே. இரவு குளிர்ந்த பிறகுதான் திறக்கும். எடுத்த வாயுவை ஒரு அமிலமாகச் சேமித்து வைத்து, மறுநாள் வெளிச்சத்தில் உணவாக்கிக்கொள்ளும். இந்த இரவு வேலை பல வகைகளில் 10 முதல் 20 டிகிரி வாக்கில்தான் நன்றாக நடக்கிறது.

சென்னையின் மே இரவுகளில் பெரும்பாலும் 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. செடி துளைகளைச் சரியாகத் திறப்பதில்லை, ஆனால் சூட்டினால் சுவாசம் மட்டும் அதிகமாக நடக்கிறது. வரவு குறைவு, செலவு அதிகம். அதனால்தான் சுருங்குகிறது. பகலில் எவ்வளவு நிழல் கொடுத்தாலும் இது தீராது.

செய்யக்கூடியது ஒன்றிரண்டு உண்டு. மேற்குச் சுவர் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவு பத்து மணி வரை விட்டுக்கொண்டே இருக்கும், செடியை அதிலிருந்து நாலடி தள்ளுங்கள். இரவில் வானம் தெரியும் இடமாக, கடல்காற்று வரும் பக்கமாக வையுங்கள். உரம் ஏப்ரலோடு நிறுத்துங்கள். மற்றபடி பொறுத்திருங்கள், இரவு கொஞ்சம் இறங்கியதும் தானாகத் தேறிவிடும். ஓசூரிலும் கோவையிலும் இருப்பவர்கள் இதைப் பெரிதாக உணர மாட்டீர்கள்.

ஒரு பக்கம் நிறம் மாறிப்போச்சு. வெயில் சுட்டதா, நோயா?

வெயில்பட்ட பக்கம் மட்டும் வெளுத்து, பிறகு காய்ந்த பழுப்புத் தகடு மாதிரி ஆனால் அது வெயில்சூடு. கெட்டியாக இருக்கும், பரவாது, மறையவும் மறையாது. செடி முழுக்க லேசாகச் சிவந்தாலோ ஊதா ஓடினாலோ பயம் இல்லை. அதிக வெளிச்சத்துக்குச் செடியே போட்டுக்கொள்ளும் நிறமி அது, நிழல் கூடினால் பழையபடி பச்சையாகும்.

நுனிப் பகுதியில், புதிய சதையைச் சுற்றி, துரு பிடித்த மாதிரி நுண்ணிய சொரசொரப்பு வந்தால் செஞ்சிலந்தி என்ற, சாறு உறிஞ்சும் சிறு பேனாக இருக்கலாம். வறண்ட சூட்டில்தான் அது பெருகும். இதை வெயில்சூடு என்று நினைத்து நிழலுக்கு மட்டும் மாற்றிவிட்டு விடுபவர்கள் அதிகம். ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். அடிப்பக்கம் மஞ்சளாகி, அழுத்தினால் கொழகொழவென்று இருந்தால் அழுகல். அன்றைக்கே தொட்டியிலிருந்து எடுத்து, நல்ல சதை தெரியும்வரை வெட்டி, நிழலில் காய வைக்க வேண்டும்.

ஏசி ரூமில் வைத்தால் வருஷம் முழுக்க 24 டிகிரி கிடைக்குமே?

வெப்பம் சரி, வெளிச்சம் எங்கே? அறைக்குள் நமக்கு வெளிச்சமாகத் தெரிவது கேக்டஸுக்கு அரையிருட்டு. இரண்டு மாதத்தில் நுனி மெலிந்து வெளிறி நீளும், அந்த மெலிவு பிறகு சரியாகாது. ஜன்னலை ஒட்டிய இடமானால் சில வகைகள் சமாளிக்கும்.

பால்கனியில் வைப்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். ஏசியின் வெளி யூனிட் ஊதும் காற்று நேராகச் செடிமேல் படக்கூடாது. இரவு முழுக்க அது ஓடும்போது, செடிக்கு மிகத் தேவையான நேரத்தில் சூடான காற்றை வீசிக்கொண்டிருக்கிறது.

புத்தகங்களில் தெற்கு ஜன்னல்தான் பெஸ்ட் என்கிறார்களே, என் தெற்கு பால்கனியில் மே மாசம் வெயிலே இல்லையே?

அந்தப் புத்தகங்கள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் எழுதியவை. அங்கே மதிய சூரியன் எப்போதும் தெற்கே இருக்கும். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை மதிய சூரியன் நம் தலைக்குக் கொஞ்சம் வடக்கே போய்விடுகிறது. கடும் கோடையில் தெற்கு பால்கனி தானாகவே நிழலாகிவிடும், வடக்குப் பக்கத்தில் எதிர்பாராத வெயில் விழும்.

எனக்குத் தெரிந்து தொட்டிக் கேக்டஸுக்கு நம்ம ஊரில் கிழக்குதான் சிறந்தது. காலை வெயில் பத்து பத்தரை வரை, அப்புறம் நல்ல வெளிச்சம். தெற்கு இரண்டாவது. மேற்கு மட்டும் இருந்தால் மார்ச் முதல் ஜூன் வரை நிழல்வலை கட்டாயம்.

மழைக்காலத்தில் வெப்பம் நல்லாதானே இருக்கு, ஏன் அப்போதுதான் செடி சாகுது?

அக்டோபர், நவம்பரில் வெப்பம் கேக்டஸுக்கு ஏறக்குறைய பொருத்தம். கோடையில் தூங்கிய செடி விழித்து வளரும் நேரமும் இதுதான். ஆனால் வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் விடாமல் பெய்யும்போது மண் காய வழியே இல்லை. மேலே ஒரு தடுப்பு வேண்டும், பக்கம் திறந்திருக்க வேண்டும். மண்ணில் பாதிக்கு மேல் சரளையும் செங்கல் ஜல்லியும் இருக்கட்டும். இந்த மாதங்களில் தண்ணீர் ஊற்றுவதானால் காலையில்தான் ஊற்ற வேண்டும், கோடைக்குச் சொன்னதற்கு நேர் எதிர்.

சென்னையில் குளிர்காலமே இல்லை. கேக்டஸுக்கு ஓய்வு வேணும்னு சொல்றாங்களே, என்ன செய்ய?

குளிர்நாடுகளில் வளர்ப்பவர்கள் குளிர்காலத்தில் 7 முதல் 13 டிகிரி வரையில், தண்ணீரே இல்லாமல் ஓய்வு கொடுப்பார்கள். பல வகைகளில் வசந்தத்தில் பூக்கள் குவிவதற்கு அந்த ஓய்வு காரணம். சென்னையில் ஜனவரி இரவுகள் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும்.

குளிரைக் கொடுக்க முடியாது, வறட்சியைக் கொடுக்கலாம். மார்கழி நடுவிலிருந்து தை முடியும்வரை தண்ணீரை நன்றாகக் குறைத்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு வெயில் அந்த மாதங்களில் நல்லது. இரவில் வெளியிலேயே இருக்கட்டும். இப்படிச் செய்யத் தொடங்கிய பிறகு என் மாமில்லேரியாக்கள் மாசியில் வளையம் வளையமாகப் பூக்கின்றன.

நாங்க ஊட்டியில் இருக்கோம். பனியில் புல்லெல்லாம் வெள்ளையாகிடுது. செடியை என்ன செய்வது?

உங்கள் பிரச்சினை எங்களுடையதற்குத் தலைகீழ். டிசம்பர், ஜனவரியில் ஊட்டி, தலைகுந்தா பக்கம் உறைபனி விழும். செடிக்குள் இருக்கும் நீர் உறைந்தால் சதை கிழிந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடும், மறுநாள் வெயிலில் அழுகும். நவம்பர் கடைசியிலிருந்தே தண்ணீரை நிறுத்துங்கள். காய்ந்த செடியின் சாறு அடர்த்தியாக இருக்கும், அது எளிதில் உறையாது. இரவில் கூரைக்குக் கீழே, சுவரை ஒட்டி வையுங்கள். எங்களுக்கு வேண்டாத அந்தச் சுவர்ச்சூடு உங்களுக்குத் துணை. மேலே செய்தித்தாள் இரண்டு மூன்று தாள் போர்த்தி, காலையில் எடுத்துவிடுங்கள்.

கலிம்போங்கிலிருந்து கூரியரில் வரவழைத்தேன். வந்த ஒரு மாசத்தில் போய்விட்டது.

கலிம்போங் ஏறக்குறைய 1,250 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலையூர். அங்கே வளர்ந்த செடி ஒரு வாரம் இருட்டுப் பெட்டியில் பயணம் செய்து நம் ஊர்ச் சூட்டில் வந்து இறங்குகிறது. வந்ததும் ஒரு வாரம் நட வேண்டாம், நிழலில் தாளின்மேல் கிடக்கட்டும். பிறகு காய்ந்த கலவையில் நட்டு, இன்னொரு வாரம் கழித்து முதல் தண்ணீர். வெயிலைக் காலை அரைமணி நேரத்தில் தொடங்கி, மூன்று நாலு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வரவழைக்கச் சிறந்த மாதங்கள் டிசம்பர், ஜனவரி. மார்ச்சுக்குப் பிறகு நான் எதையும் வரவழைப்பதில்லை.

மூன் கேக்டஸ், கிறிஸ்துமஸ் கேக்டஸ், நிஷாகந்தி எல்லாவற்றுக்கும் இதே கணக்கா?

இல்லை. மூன் கேக்டஸில் மேலே இருக்கும் சிவப்பு, மஞ்சள் உருண்டைக்குப் பச்சையமே இல்லை. கீழே இருக்கும் பச்சைத் தண்டுதான் அதற்குச் சோறு போடுகிறது. அந்தத் தண்டு பெரும்பாலும் டிராகன் ஃப்ரூட் இனம், வெப்பமண்டலக் காட்டுக்கொடி. பகல் 30, இரவு 20 அதற்கு மிகவும் பிடிக்கும், 10 டிகிரிக்குக் கீழே வாடும். அதனால் ஊட்டிக்காரர்கள் மூன் கேக்டஸைக் குளிர்காலத்தில் வீட்டுக்குள் வையுங்கள். சென்னையில் உருண்டை சீக்கிரம் சுடும், காலை வெயிலே போதும்.

நிஷாகந்தியும் காட்டுவகை, மரநிழலும் கொஞ்சம் ஈரமும் வேண்டும். காட்டுக் கேக்டஸ்களில் ஒன்றான ரிப்சாலிஸ் பாக்சிஃபெரா இலங்கைக் காடுகளில் இயற்கையாகவே தொங்குகிறது. அமெரிக்காவுக்கு வெளியே இயற்கையாக வளரும் கேக்டஸ் அது ஒன்றுதான். கிறிஸ்துமஸ் கேக்டஸ் பிரேசிலின் மலைக்காடுகளைச் சேர்ந்தது. மொட்டு விட நீண்ட இருட்டும் குளிர்ந்த இரவும் வேண்டும். சென்னையில் செடி உயிரோடு இருக்கும், பூ அரிது.

ஒரே ரேக், ஒரே மண், ஒரே தண்ணீர். ஆனாலும் ஒன்று கொழுத்து வளருது, பக்கத்தில் இருப்பது சாகுது. நான் என்ன தப்பு செய்தேன்?

எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் சில வகைகள் சமவெளியில் நிற்காது. கோல்டன் பேரல், அஸ்ட்ரோஃபைட்டம், ஜிம்னோகாலிசியம், பெரும்பாலான மாமில்லேரியா, மெலோகாக்டஸ் எல்லாம் எங்கள் சூட்டுக்கு ஏற்றவை. அதிலும் மெலோகாக்டஸ் வெப்பமண்டலக் கடற்கரைகளில்கூட வளர்வது, சென்னை அதற்குச் சொந்த ஊர் மாதிரி. குளிர்தான் அதற்கு ஆகாது, 15 டிகிரிக்குக் கீழே விடக்கூடாது.

ரெபுட்டியா வேறு கதை. பொலிவியா, அர்ஜென்டினாவின் ஆண்டிஸ் மலைச்சரிவுகளில் குளிர்ந்த இரவுகளில் வளரும் செடி. நான் மூன்று கோடை போராடினேன். நிழல்வலை, இரட்டைத் தொட்டி, இரவில் மின்விசிறி, எல்லாம் பார்த்தேன். ஆறில் நாலு போனது. மிஞ்சிய இரண்டைக் கோத்தகிரியில் இருக்கும் சித்தி வீட்டுக்கு ஒரு ஜூலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். சித்தி தனியாக எதுவும் செய்யவில்லை. தாழ்வாரத் திண்ணையில் வைத்து, குளிர்காலத்தில் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டார். மறு மார்ச்சில் இரண்டு செடியும் உடம்பு தெரியாமல் ஆரஞ்சு நிறத்தில் பூத்து நின்றன.